டூட்டி சார்ட்டில் மூன்று பேர், வார்டில் எத்தனை பேர்?

கேள்வி: வைட்ஃபீல்டிலிருந்து ஒரு வாசகர், ஜூன் 2, மாலை

அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பெங்களூரில் பெயர்பெற்ற மருத்துவமனைதான். இரவு முழுவதும் எங்கள் வார்டுக்கு ஒரே ஒரு சிஸ்டர். சலைன் பாட்டில் தீர்கிறதா என்று நான்தான் கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் மேலாளரிடம் கேட்டால் "ஆளே கிடைப்பதில்லை சார்" என்கிறார். நர்சிங் கல்லூரிகளை இரண்டு மடங்காக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று நினைக்கிறேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு 9.40

ஆள் கிடைக்காமல் இல்லை, தம்பி. வந்த ஆள் தங்குவதில்லை.

நான் 28 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். அதில் கடைசி 11 ஆண்டுகள் இதே ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ். பெயர் வேண்டாம். 34 படுக்கை கொண்ட பொது மருத்துவ வார்டு. மாதம் 25ஆம் தேதி வாக்கில் அடுத்த மாத டூட்டி சார்ட், அதாவது யாருக்கு எந்த நாள் எந்த ஷிப்ட் என்ற பட்டியல், போட உட்காருவேன். பென்சிலால்தான் போடுவேன். மாதம் முடிவதற்குள் அழித்து அழித்துச் சில கட்டங்களில் தாளே கிழிந்துவிடும். ஞாயிறு இரவுக் கட்டங்கள்தான் முதலில் கிழியும்.

இந்த ஊரில் நர்சிங் கல்லூரிக்குப் பஞ்சமே கிடையாது. கேரளத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வந்துதான் படிக்கிறார்கள். 2023 மத்திய பட்ஜெட்டில், மருத்துவக் கல்லூரிகளை ஒட்டியே 157 புதிய நர்சிங் கல்லூரிகள் என்று அறிவித்தார்கள். வரட்டும். ஆனால் குடத்தில் ஓட்டை இருக்கும்போது குழாயைப் பெரிதாக்கி என்ன பயன்?

என் கணக்கைச் சொல்கிறேன். 1987இல் என்னோடு ஜி.என்.எம். என்ற நர்சிங் பட்டயப் படிப்பை முடித்தவர்கள், என்னையும் சேர்த்து, 32 பேர். சென்ற ஆண்டு ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தபோது விரல்விட்டு எண்ணினோம். குவைத், சவுதி, அயர்லாந்து என்று போனவர்கள் 13 பேர். கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்டவர்கள் 11 பேர். கல்லூரியில் பாடம் நடத்தப் போனவர்கள் 3 பேர். கடைசிவரை இந்த நாட்டில் படுக்கை அருகே நின்றவர்கள் 5 பேர். விட்டவர்களில் ஒருத்தி ராமமூர்த்தி நகரில் தையற்கடை வைத்திருக்கிறாள். எந்தச் சுருங்கிய கையிலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடிப்பாள் அவள். அந்தக் கை இப்போது ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் ஆறவில்லை.

ஜூன் 3, காலை 6.15

இரவு எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. "ஒரு சிஸ்டர் கூடுதலாக வேண்டும்" என்று கேட்டால், ஒரு ஆளை எடுத்தால் போதும் என்று நிர்வாகத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒரு நாற்காலியில் 24 மணி நேரமும் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால் எத்தனை பேர் வேண்டும்?

எட்டு மணி நேர ஷிப்டாகவே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு மூன்று, ஆண்டுக்கு 1,095 ஷிப்ட். ஒருத்தி ஆண்டில் எத்தனை நாள் வருவாள்? 365இல் வார ஓய்வு 52 போய்விடும். ஈட்டிய விடுப்பு 30, தற்செயல் விடுப்பு 12, பண்டிகை 10, காய்ச்சல் தலைவலிக்கு ஒரு 10 என்று வையுங்கள். மிச்சம் 251 நாள். 1,095ஐ 251ஆல் வகுத்தால் 4.36 வருகிறது. ஒரு நாற்காலிக்கு ஏறக்குறைய நாலரைப் பேர். பிரசவ விடுப்பு இந்தக் கணக்கில் இல்லை.

வார்டில் எந்நேரமும் மூன்று பேர் இருக்க வேண்டும் என்றால் 13 பேர் வேண்டும். என்னிடம் இருந்தது 11 பேர். மீதி இரண்டு பேரின் வேலை எங்கிருந்து வரும்? இருக்கும் பிள்ளைகளின் வார ஓய்விலிருந்துதான் பிடுங்குவோம். "இந்த ஒரு ஞாயிறு மட்டும் வந்துவிடு, கண்ணு" என்று நானே எத்தனை முறை தொலைபேசியில் கெஞ்சியிருக்கிறேன். அவள் வருவாள். மூன்றாவது முறையும் வருவாள். நான்காவது முறை ராஜினாமாக் கடிதத்தோடு வருவாள். அப்போது என்னிடம் 10 பேர்.

ஜூன் 3, பிற்பகல் 2.30

இங்கே ஒருவர், "விதிப்படி 3 நோயாளிக்கு 1 செவிலியர், ஆக 30 படுக்கைக்கு எந்நேரமும் 10 பேர் இருக்க வேண்டும், மருத்துவமனைகள் ஏமாற்றுகின்றன" என்று எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது, கணக்கு தவறு.

இந்திய நர்சிங் கவுன்சில் அளவுகோல்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் 3 படுக்கைக்கு 1, மற்ற பொது மருத்துவமனைகளில் 5 படுக்கைக்கு 1, அதற்குமேல் விடுப்புக்காக 30 சதவீதம். இது மூன்று ஷிப்டுக்கும் சேர்த்த எண். ஒரு ஷிப்டுக்குப் பார்த்தால் 3 படுக்கைக்கு 1 என்பது 9 படுக்கைக்கு 1 ஆகிறது, 5 என்பது 15 ஆகிறது. என் 34 படுக்கைக்கு இரவில் இரண்டு பேருக்குச் சற்று மேல். நான் சார்ட்டில் மூன்று பேர் போடுவேன். ஆகக் காகிதத்தில் எங்கள் வார்டு விதியை மீறியதே இல்லை. நாளை நான் எழுதப்போவதற்கு இது முக்கியம்.

ஜூன் 4, இரவு 11.05

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வைட்ஃபீல்டு தம்பி "அந்த சிஸ்டர் மேல் எனக்குக் கோபம் வந்தது" என்று கீழே சேர்த்திருப்பதைப் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

ஒரு நவம்பர் மாத இரவு. 34 படுக்கையும் நிரம்பியிருந்தது. வார்டில் இரண்டு பேர். நான் பகல் டூட்டி, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி சுமாருக்கு ஒரு நோயாளிக்குப் பேச்சுக் குழறியது. பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஸ்கேன் எடுங்கள் என்றார் டூட்டி டாக்டர். ஸ்ட்ரெச்சர் தள்ள வார்டு பையன் இல்லை, அவன் வேறு மாடியில். மூத்தவள் தானே தள்ளிக்கொண்டு போனாள். மிச்சம் இருந்தது ஒரே பெண். வயது 24. வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம்.

அவள் 9ஆம் படுக்கையில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தாள். ரத்தம் ஏற்றத் தொடங்கியதும் முதல் 15 நிமிடம் நோயாளியை விட்டு நகரக் கூடாது. ஒவ்வாமை வந்தால் அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் வரும். அவள் நகரவில்லை. கற்றதைச் செய்தாள். அந்த நேரத்தில் 27ஆம் படுக்கையில் இருந்த பெரியவர், 78 வயது, கழிவறைக்குப் போக எழுந்தார். அவருடன் இருந்த மகன் கீழே தேநீர் குடிக்கப் போயிருந்தார். படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த கம்பியைப் பிடித்தார். அது சலைன் மாட்டும் ஸ்டாண்டு. சக்கரம் உருண்டது.

தொடை எலும்பு முறிந்தது. காய்ச்சலுக்காகச் சேர்ந்தவர் இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் போனார், வாக்கரோடு.

நான் காலை ஏழரைக்குப் போனபோது அந்தப் பெண் மருந்து அறையில், ஊசி உறைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே அடுக்கியிருந்தவற்றை எடுத்துத் திரும்ப அடுக்கினாள். என்னைப் பார்த்ததும், "அக்கா, நான் 9ஐ விட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டுமா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அவளுக்குத்தான் மெமோ வந்தது. கவனக்குறைவு என்று.

ஜூன் 5, காலை 7.00

"விசாரணையில் நீங்கள் அவளுக்காகப் பேசவில்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். பேசினேன். போதுமான அளவு பேசினேனா என்பது வேறு. பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 6, மாலை 5.20

வேறு ஒன்று எழுதுகிறேன், மனம் கொஞ்சம் ஆறட்டும்.

எங்கள் பிள்ளைகள் டூட்டி சார்ட்டைப் "பஞ்சாங்கம்" என்பார்கள். நல்ல நாள் இருக்கிறதா என்று எல்லோரும் அதில்தான் தேடுவார்கள். "அக்கா, இந்த மாதப் பஞ்சாங்கத்தில் எனக்கு ராகு காலம் மட்டும்தான் போட்டிருக்கிறீர்கள்" என்று ஒருத்தி சண்டைக்கு வருவாள்.

அந்தப் பஞ்சாங்கத்துக்கு ஒரு ரயிலும் உண்டு. கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வரும் மாரிக்குப்பம் ரயில். நான் கோலார் தங்கவயல்காரி, அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிய பிறகு ஊரின் பிழைப்பே அந்த ரயிலில்தான். விடியுமுன் ஏறி, பங்காருப்பேட்டை, மாலூர், வைட்ஃபீல்டு தாண்டி வந்து, இரவு திரும்பிப் போவார்கள். செவிலியர், ஆயா, லேப் டெக்னீஷியன், துப்புரவுப் பணியாளர் என்று இந்த ஊர் மருத்துவமனைகளுக்கு ஒவ்வொரு பெட்டியிலும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். ரயில் 40 நிமிடம் தாமதம் என்றால், இரவு டூட்டி பார்த்தவள் 40 நிமிடம் கூடுதலாக நிற்பாள். 12 மணி நேரம் நின்ற காலோடு.

நான் ஒரு காரியம் செய்தேன். ரயிலில் வரும் நான்கு பேருக்குக் காலை ஷிப்டை 8 மணிக்குப் பதிலாக 9 மணிக்குத் தொடங்கினேன், மாலையில் ஒரு மணி நேரம் கூட்டினேன். அக்கம்பக்கத்தில் தங்கியிருந்தவர்களை 7 மணிக்கு வரச்சொல்லி ஒரு மணிக்கு அனுப்பினேன். ஒரு ரூபாய் செலவில்லை. அந்த நான்கு பேரில் மூன்று பேர் நான் ஓய்வு பெறும்வரை இருந்தார்கள். நிர்வாகம் கேட்டபோது "சீருடை மாற்றும் அறையில் நெரிசல் குறையும்" என்று காரணம் எழுதிக் கொடுத்தேன். ரயில் என்று எழுதியிருந்தால் மறுத்திருப்பார்கள்.

ஜூன் 7, இரவு 10.15

வெளிநாடு போகும் பிள்ளைகளைச் சிலர் இங்கே திட்டுகிறீர்கள். "அரசுப் பணத்தில் படித்துவிட்டு" என்று ஒருவர். இவர்களில் பெரும்பாலோர் அப்பா நிலத்தை அடகு வைத்துத் தனியார் கல்லூரியில் படித்தவர்கள்.

இந்திரா நகர் சி.எம்.எச். சாலையில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. எங்கள் வார்டிலிருந்து இரண்டு பேர் டூட்டி முடிந்து அங்கே வகுப்புக்குப் போனார்கள். மருந்து ட்ராலியின் உட்பக்கக் கதவில் அவர்களில் ஒருத்தி ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். மேசை, கட்டில், காய்ச்சல், வலி என்று தமிழில் எழுதி, எதிரே ஜெர்மன் சொல். அதன் முன்னால், ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் டெர், டி, டாஸ். மருந்து எடுக்கக் குனியும்போதெல்லாம் ஒரு சொல்லை முணுமுணுப்பாள். நான் அந்தச் சீட்டைக் கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் அவள் வேறெங்காவது ஒட்டியிருப்பாள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2023இல் உலகம் முழுவதும் 58 லட்சம் செவிலியர்கள் குறைவாக இருந்தார்கள். பணக்கார நாடுகள் தங்கள் பள்ளத்தை நம் பிள்ளைகளைக் கொண்டு நிரப்புகின்றன. ஏழை நாடுகளிலிருந்து ஆளை அள்ளிக்கொண்டு போகாதீர்கள் என்று அந்த நிறுவனம் 2010இலேயே ஒரு நடத்தை நெறி வகுத்தது. கட்டாயம் ஏதும் இல்லாத நெறி. அது எழுதப்பட்டிருப்பது அரசுகளுக்கு. 24 வயதுப் பெண்ணைப் போகாதே என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு "இரண்டு வருடம் கழித்துத்தான் தருவோம்" என்று மிரட்டுகிற மருத்துவமனைகளை நான் பார்த்திருக்கிறேன். பூட்டி வைத்த பிள்ளை நோயாளியின் முகத்தைப் பார்க்காமலேயே ஊசி போடுவாள். அப்படி ஒரு ஆள் நம் வார்டுக்கு வேண்டாம்.

ஜூன் 8, அதிகாலை 4.50

திருத்தம். ஜூன் 4 குறிப்பில் "வார்டில் இரண்டு பேர்" என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை.

டூட்டி சார்ட்டில் மூன்று பேர். நான் போட்ட சார்ட். இரவு 9 மணிக்கு ஐ.சி.யு.வில் ஆள் போதவில்லை என்று இரவு மேற்பார்வையாளர் தொலைபேசியில் சொல்லி, மூன்றாமவளை மேலே அனுப்பிவிட்டார்கள். அவர் மேலும் தப்பில்லை, ஐ.சி.யு.வில் வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கும் உயிர்தானே. இப்படி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நடக்கும். மறுநாள் காலை நான் சார்ட்டில் அதைத் திருத்தி எழுத வேண்டும். திருத்துவதில்லை. தரச் சான்றிதழ் ஆய்வுக்கு வருகிறவர்கள் சார்ட்டைத்தான் பார்ப்பார்கள், மூன்று என்றே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். நானும் மாதக் கடைசியில் பேனாவால் பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். அந்த மாதமும் கொடுத்தேன்.

விசாரணைக் கோப்பில் அந்தத் தாள்தான் போனது. மூன்று பேர் பணியில் இருந்தும் நோயாளி விழுந்தார் என்று எழுதினார்கள். "மூன்றாமவள் ஐ.சி.யு.வில் இருந்தாள்" என்று நான் வாயால் சொன்னேன். "சார்ட்டில் அப்படி இல்லையே சிஸ்டர், உங்கள் கையெழுத்துதானே இது?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் பேசவில்லை.

பற்றாக்குறை எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது என்று கேட்டால், இத்தனை ஆண்டுகள் அதை என் கையெழுத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்று வாரத்தில் அந்தப் பெண் வேலையை விட்டாள். ட்ராலியில் சீட்டு ஒட்டியவள் அவள்தான்.

ஜூன் 9, மாலை 6.30

சம்பளம் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதையொட்டி மத்திய அரசு அமைத்த குழு தெளிவாகவே எழுதியிருக்கிறது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அந்த மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100க்கு மேல் என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50க்குக் கீழே இருந்தாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில். உங்கள் குடும்பத்தில் யாராவது செவிலியர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

அரசுப் பக்கம் பதவியே காலி, அல்லது ஒப்பந்தம். தமிழ்நாட்டில் கோவிட் காலத்தில் எடுத்த செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தத்தை 2022 டிசம்பர் 31 அன்று முடித்தார்கள். கவச உடைக்குள் வியர்த்து நின்றவர்கள் தெருவில் போராடினார்கள். ஆள் இல்லை என்கிறோம், இருந்த ஆளையும் அனுப்புகிறோம். அது எனக்குச் சகிக்கவில்லை.

டாக்டர்கள் பக்கமும் கதை வேறில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். 2014இல் 51 ஆயிரம் சொச்சமாக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் இப்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆனாலும் 2021-22 மத்திய அரசு அறிக்கைப்படி கிராமப்புறச் சமுதாய நல மையங்களில் தேவையான சிறப்பு மருத்துவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் இல்லை. கர்நாடகம் 2012 சட்டத்தில் படித்து முடித்த டாக்டர்களுக்கு ஓராண்டுக் கிராமப் பணியைக் கட்டாயமாக்கியது. படித்து வருபவர்களுக்குக் கொடுக்கக் காலிப் பதவி போதாமல், பிறகு அதைத் தளர்த்த வேண்டி வந்தது. ஒரு பக்கம் டாக்டர் இல்லை, மறுபக்கம் வருபவருக்குப் பதவி இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜூன் 11, காலை 10.00

"குறை சொன்னது போதும், வழி சொல்லுங்கள்" என்கிறார் ஒருவர். சரி.

ஒரு நாள் காலை ஷிப்டில் கைக்கடிகாரமும் நோட்டுமாக ஒரு பிள்ளையின் பின்னாலேயே நடந்தேன். 8 மணி முதல் 2 மணி வரை 360 நிமிடம். நோயாளியோடு அவள் இருந்தது 130 நிமிடம். மருந்தகத்துக்கு 14 முறை தொலைபேசி. காப்பீட்டு மேசைக்கு 4 முறை மாடி ஏறி இறங்கினாள். டிஸ்சார்ஜ் பில் எங்கே நிற்கிறது என்று விசாரித்தாள். உடைந்த மின்விசிறிக்குப் புகார் எழுதினாள். விரிப்பு வரவில்லை என்று சலவைப் பிரிவில் போய் நின்றாள். நான்காண்டு படித்த பெண்.

அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டி ஒரு வார்டு எழுத்தரைக் கேட்டு வாங்கினேன். பி.யு.சி., அதாவது பிளஸ் டூ, படித்த பெண், கெட்டிக்காரி. ஆறு மாதம் தந்தார்கள். அந்த ஆறு மாதத்தில் என் வார்டில் ஒரு ராஜினாமாகூட இல்லை. பிறகு செலவுக் குறைப்பு என்று அவளை வரவேற்பறைக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த நான்கு மாதத்தில் மூன்று பேர் போனார்கள்.

இன்னொன்று, விட்டுப்போனவர்களைத் திரும்பக் கூப்பிடுவது. நானே எட்டு ஆண்டு விட்டவள். இரண்டு குழந்தைகள், மாமியாருக்கு உடம்பு முடியவில்லை. திரும்ப வந்தபோது "இடைவெளி இருக்கிறதே" என்று நான்கு இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவது இடத்தில் மேட்ரனாக, அதாவது தலைமைச் செவிலியராக இருந்த ஒரு மலையாளி அம்மா, "ஆறு வாரம் என் கூட நில், சம்பளம் பாதிதான், அதற்குப் பிறகு முழுசு" என்றார். புதிய கருவிகளை அந்த ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டேன். நோயாளியின் முகத்தைப் படிக்கும் வித்தை எட்டு ஆண்டில் எங்கும் போய்விடவில்லை. ராமமூர்த்தி நகர் தோழியை இப்படி யாரும் கூப்பிடவில்லை.

குழந்தைக் காப்பகம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இருக்க வேண்டும் என்று 2017 சட்டத் திருத்தமே சொன்னது. எங்கள் இடத்தில் அறை ஒதுக்கினார்கள், பார்த்துக்கொள்ள ஆள் போடவில்லை, பூட்டியே கிடந்தது.

பிறகு வரம்பு. கலிஃபோர்னியாவில் 1999இல் சட்டம் போட்டு 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 2005 முதல் பொது வார்டில் ஒரு செவிலியருக்கு 5 நோயாளிக்கு மேல் கூடாது, சாப்பாட்டு வேளையிலும் கூடாது. அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவினரின் 2002 ஆய்வு பென்சில்வேனியா மருத்துவமனைகளில் செய்தது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர் 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அது கண்டது. அதைப் படித்தபோது எனக்கு 27ஆம் படுக்கை நினைவுக்கு வந்தது.

ஜூன் 11, இரவு 8.45

காலையில் வரம்பு பற்றி எழுதியதில் ஒரு தயக்கம். 20 படுக்கை வைத்திருக்கும் சிறு நர்சிங் ஹோம்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நாளையே சட்டம் போட்டால் அவர்கள் மூடுவார்கள், அல்லது நான் செய்ததுபோல் சார்ட்டில் பெயரை நிரப்புவார்கள். சட்டத்துக்கு முன்னால், எண்ணை உள்ளபடி எழுதும் பழக்கம் வர வேண்டும்.

ஜூன் 12, பிற்பகல் 3.10

உறவினர்களுக்கே பயிற்சி கொடுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார் வைட்ஃபீல்டு தம்பி. அது நடக்கிறது. நூரா ஹெல்த் என்ற அமைப்பு கர்நாடக மருத்துவமனைகளில் தொடங்கியது. நோயாளியின் குடும்பத்தாரை உட்காரவைத்து, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது, எந்த அறிகுறி கண்டால் ஓடிவர வேண்டும் என்று கற்றுத்தருகிறார்கள். நல்ல காரியம். என் வார்டிலும் தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் நானே சொல்லித்தந்திருக்கிறேன். வங்காளத்துப் பிள்ளைக்கும் தர்மபுரிப் பாட்டிக்கும் நடுவில் மொழிபெயர்ப்பதே பாதி நாள் வேலை.

ஆனால் வீட்டுக்குப் போனபின் பார்த்துக்கொள்ளக் கற்பது வேறு, வார்டில் செவிலியருக்குப் பதில் நிற்பது வேறு. நீங்கள் அம்மாவின் பாட்டிலைப் பார்த்தீர்கள். பாட்டில் தீர்வது கண்ணுக்குத் தெரியும். மூச்சின் வேகம் 18லிருந்து 26 ஆனது தெரிந்திருக்குமா? கால் ஆடுசதையில் வந்த வீக்கம்? இடுப்பு அறுவைக்குப் பிறகு அங்கே ரத்தம் உறையலாம். அம்மா நலமாக இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பயமுறுத்த அல்ல.

ஜூன் 15, இரவு 9.30

எண்ணை உள்ளபடி எழுதுவது பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பின்றித் தவித்தது பற்றிய ஃபிரான்சிஸ் விசாரணை அறிக்கை 2013இல் வந்தது. அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு வார்டிலும் பலகை வைக்கச் சொன்னார்கள். இந்த ஷிப்டுக்குத் திட்டமிட்டது எத்தனை பேர், வந்திருப்பது எத்தனை பேர். நோயாளியைப் பார்க்க வருபவர் யாரும் படிக்கலாம்.

ஒரு பலகை, ஒரு சாக்குக்கட்டி. எந்தக் கல்லூரியும் கட்ட வேண்டாம். அந்த நவம்பர் இரவில் எங்கள் வாசலில் அப்படி ஒன்று இருந்திருந்தால், ஒன்பது மணிக்கு யாராவது 3ஐ அழித்து 2 என்று எழுதியிருப்பார்கள். 27ஆம் படுக்கைக்காரரின் மகன் அதைப் பார்த்துவிட்டுத் தேநீருக்குப் போயிருக்கமாட்டார். மேலாளர் மறுநாள் ரவுண்ட்ஸ் வரும்போது அதன் முன் நிற்க வேண்டியிருந்திருக்கும். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாரையாவது சேர்த்தால், "இந்த ஷிப்டில் எத்தனை நோயாளி, எத்தனை செவிலியர்?" என்று கேளுங்கள். சிஸ்டரிடம் கேட்காதீர்கள், நிர்வாகத்திடம் கேளுங்கள். அறை வாடகை கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

ஜூன் 18, காலை 6.40

அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். இந்தப் பக்கத்தை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறாள். 2019 முதல் அங்கே சில வகை வார்டுகளில் செவிலியர் எண்ணிக்கைக்குக் கீழ்வரம்பு உண்டு, "இங்கும் குறைகிறது அக்கா, ஆனால் குறைந்தால் குறைந்தது என்று எழுதுகிறார்கள்" என்கிறாள்.

பிறகு இப்படி எழுதியிருந்தாள்: "சார்ட்டில் மூன்று என்று இருந்ததும் அதில் உங்கள் கையெழுத்து இருந்ததும் எனக்கு அன்றே தெரியும். உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் என் பணிச் சான்றிதழோடு அந்த மெமோவும் இன்னும் கோப்பில் இருக்கிறது."

ஜூன் 20, பிற்பகல் 1.15

நேற்று மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு கடிதத்தை அல்சூர் அஞ்சல் நிலையத்தில் பதிவு செய்த விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒரே பக்கம். அந்தத் தேதி, அந்த வார்டு, சார்ட்டில் இருந்த மூன்று பெயர்கள். இரவு 9 மணிக்குப் பிறகு வார்டில் இருந்தவர்கள் இரண்டு பேர், விபத்து நடந்தபோது ஒருவர், நோயாளிகள் 34 பேர். அன்று காலை இதைச் சார்ட்டில் பதியாமல் விட்டது நான் என்றும், மெமோவைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிரதி அவளுக்கும் போயிருக்கிறது.

ஒப்புகைச் சீட்டு இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கே எழுதுகிறேன்.